இறுகாத போல்ட்டில் மஞ்சள் பெயின்ட்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், முதல் தடவையாக இந்த ஷெட்டுக்குள் ஸ்பானர் பிடிக்க வந்திருக்கும் இரண்டு தங்கச்சிமாருக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். என்னிடம் நல்ல வார்த்தை நாலு கிடையாது. முப்பத்தைந்து வருடம் தூத்துக்குடியில் லாரி என்ஜினுக்குள் தலையைக் கொடுத்தவனிடம் மிச்சம் இருப்பது கெட்ட வார்த்தையும் கழுத்துவலியும்தான். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

உங்கள் கையில் ஸ்கேனர் இருக்கிறது. வண்டியில் மாட்டினால் கோளாறுக்கு ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பர் யாரையும் திருடன் என்று சொல்லாது. நாங்கள் பழைய பம்ப் வண்டி பார்த்தவர்கள். கண், காது, மூக்கு மூன்றையும் நம்பி வேலை செய்தோம். நான் என் மூக்கை நம்பி ஒரு ஆளைத் திருடன் ஆக்கினேன்.

முதலாளி பெயரைச் செல்வராஜ் அண்ணாச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லாரி வைத்திருந்தார். உப்பளத்திலிருந்து குடோனுக்கும், குடோனிலிருந்து துறைமுகத்துக்கும் உப்பு லோடு. அதில் ஒரு வண்டியை ஓட்டியவன் மிக்கேல். ஊர் பெரியதாழை. அப்பா, சித்தப்பா, தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மிக்கேலுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளம் கரையைத் தாண்டியதும் வாந்தி எடுப்பான். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. ஊர் சிரித்துச் சிரித்தே அவனை லாரி டிரைவர் ஆக்கிவிட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆள் கிடையாது. பதினோரு வருடத்தில் வண்டியில் ஒரு உரசல் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை அந்த வண்டி மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருந்த என் ஷெட்டுக்கு வந்தது. முதலில் வெள்ளைப் புகை வந்தது, வண்டி பின்னால் வந்தது. நின்றிருந்த எல்லோருக்கும் கண் எரிந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, லோடு ஏற்றினால் மேம்பாலத்தில் இழுக்கமாட்டேன் என்கிறது, ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வருகிறது என்று மிக்கேல் சொன்னான். கூடவே செல்வராஜ் அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். முந்தின நாள் கப்பலுக்குப் போகவேண்டிய லோடு இந்த வண்டியால் தாமதமாகி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“அண்ணாச்சி, டீசல்ல ஏதும் வேல காட்டிருக்கானான்னு பாருங்க” என்றார்.

டிரைவர்களில் சிலர் டேங்க்கிலிருந்து டீசலை இறக்கி விற்றுவிட்டு, அளவு சரிக்கட்ட மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது உண்டு. அப்படிச் செய்தாலும் வண்டி புகையும், இழுக்காது. மிக்கேல்மேல் சந்தேகம் வர ஒரு காரணமும் இருந்தது. கேபினில், சீட்டுக்குப் பின்னால், ஒரு காலி மண்ணெண்ணெய் கேன் கிடந்தது. அவன் தம்பியின் வள்ளத்து என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது. ஊருக்குப் போகும்போது மிக்கேல் வாங்கிக்கொண்டு போவான். இது எனக்கும் தெரியும், செல்வராஜ் அண்ணாச்சிக்கும் தெரியும். தெரிந்த விஷயம் கோபத்தில் தெரியாமல் போய்விடும்.

நான் டேங்க் மூடியைத் திறந்தேன். பாக்கெட்டிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்து உள்ளே விட்டு நனைத்து, மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். சந்தேகமே இல்லை.

“மண்ணெண்ண வாடை அடிக்கு” என்றேன்.

சொன்னது இவ்வளவுதான். டேங்க்கிலா, கேனிலா, எங்கே அடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“மொதலாளி, கேனு தம்பி வள்ளத்துக்குள்ளது. மாதா மேல சத்தியமா டேங்குல ஒரு சொட்டு ஊத்தல” என்றான் மிக்கேல்.

“சாவியக் குடுலே.”

கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, நல்லாப் பாத்துத்தான் சொல்லுதீங்களா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

“முப்பது வருசமா மோந்து பாக்கேன். எனக்குத் தெரியாதாலே?”

அவன் கேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான். சாயங்காலத்துக்குள் உப்பு குடோன் ஸ்டாண்ட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லாரி முதலாளிகள் டீ குடிக்கக் கூடுகிற இடம் அது. மண்ணெண்ணெய் கலக்குகிறவன் என்று அங்கே ஒரு பேர் விழுந்தால், துறைமுகத்தைச் சுற்றி எந்த வண்டியிலும் ஏற முடியாது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி வந்ததும் டிரைவரிடம் நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “கடைசியா இதுல கை வச்சது யாரு?” பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே இருக்கும். அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆயில் கசிவுக்காக டீசல் பம்ப்பைக் கழற்றி மாட்டியது நான்தான். ஊரில் இருக்கிற எல்லா மெக்கானிக்கையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு மெக்கானிக்கை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை டேங்க்கைக் காலிசெய்து, இறக்கிய டீசலை ஒரு டிரம்மில் ஊற்றி வைத்தேன். புது டீசல் நிரப்பி ஸ்டார்ட் பண்ணினால் அதே புகை. நியாயமாகப் பார்த்தால் அங்கேயே நான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மனுஷனைத் திருடன் என்று சொன்ன பிறகு, என்ஜினும் நம் பக்கம்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று புத்தி அடம்பிடிக்கும். மண்ணெண்ணெய் பட்டு, டீசலைப் பீய்ச்சுகிற நாசில் கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு நாசிலையும் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினேன். சனிக்கிழமை ஆறும் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தன. பம்ப் கடைக்காரனுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். புகையில் ஒரு குறைவும் இல்லை. செல்வராஜ் அண்ணாச்சி மணிக்கு ஒரு தடவை போன் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். என் மனைவி நாசரேத்துக்காரி, டீச்சர். காலாண்டுத் தேர்வு லீவில் வீட்டில் இருந்தாள். இலையில் கைவைக்கப் போனவனைத் தடுத்தாள்.

“கையக் கழுவிட்டு வாங்க.”

“கழுவிட்டேன்ளா.”

“இது கழுவுன கையா? மண்ணெண்ண டின்னு சாப்பிட உக்காந்த மாதிரி இருக்கு. மீன்கொழம்புலயும் அதான அடிக்கும்?”

நான் கையை மோந்து பார்த்தேன். டேங்க்கில் அடித்த அதே வாடை. கொஞ்சநேரம் கையை மூக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பயந்துபோனாள்.

வியாழக்கிழமை காலை, மிக்கேல் வருவதற்கு முன்னால், நான் ஒரு கியர்பாக்ஸ் சாமான்களை மண்ணெண்ணெய்த் தட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின கையைத் துடைத்தது அந்தப் பனியன் வேஸ்ட்டில். துடைத்துப் பாக்கெட்டில் வைத்தேன். அதையே எடுத்து டேங்க்கில் விட்டேன். அந்தத் துணியைக் கோயில் தீர்த்தத்தில் நனைத்திருந்தாலும் மண்ணெண்ணெய் வாடைதான் அடித்திருக்கும். அடப்பாவி என்று எனக்கே வாய்விட்டு வந்தது. எங்கள் தொழில்காரன் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். புதுத் துணி ஒன்றை எடுத்து, டிரம்மில் இருந்த பழைய டீசலில் நனைத்து மோந்தேன். நல்ல டீசல். ஒரு கலப்படமும் கிடையாது.

அப்படியானால் புகை எங்கிருந்து வருகிறது? ஒரே ஒரு இடத்தைத்தான் நான் பார்க்காமல் விட்டிருந்தேன். பார்க்கவில்லை என்பதும் பொய். வியாழக்கிழமையே டார்ச் அடித்துப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன். என்ஜினையும் டீசல் பம்ப்பையும் சேர்க்கிற கப்ளிங் அது. அதில் இருக்கிற போல்ட்டுகள் தளர்ந்தால் பம்ப் பின்தங்கிவிடும், டீசல் பீய்ச்சவேண்டிய நேரம் கடந்து பீய்ச்சும். தாலி கட்டி முடித்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு கெட்டிமேளம் அடிக்கிற மாதிரி. டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் வெள்ளைப் புகையாக வெளியே வரும். டைமிங் நழுவியது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த போல்ட்டுகளில் மஞ்சள் பெயின்ட் இருந்தது. அது என் பழக்கம். ஒரு போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கியதும் சின்ன பிரஷ்ஷால் ஒரு பொட்டு வைப்பேன். மஞ்சள் இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம், மறுபடி கைவைக்க வேண்டாம். என் ஷெட்டில் வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும். சில முதலாளிகள் மஞ்சள் பொட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். எனக்கு அதில் பெருமையும் உண்டு.

ஸ்பானரை வைத்தேன். போல்ட் வெண்டைக்காய் மாதிரித் திரும்பியது.

பிளைவீல் குறிக்கு என்ஜினைத் திருப்பி நிறுத்திப் பார்த்தால், கப்ளிங்கில் குறித்திருக்கும் இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டியது, ஒரு நக அகலம் விலகி நின்றது. அப்போதுதான் மூன்று வாரத்துக்கு முந்தின அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. போல்ட்டை எல்லாம் பாதி இறுக்கி வைத்திருந்தேன். செல்வராஜ் அண்ணாச்சி தலைக்கு மேலே வந்து நின்று, “முடிஞ்சுதா, முடிஞ்சுதா?” என்று கேட்டார். வாயால் முடிந்தது என்று சொன்னால் நம்பமாட்டார். அதனால் பிரஷ்ஷை எடுத்துப் பொட்டு வைத்துக் காட்டினேன். அவர் டீ குடிக்கப் போனதும் இறுக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அவர் என்னையும் டீக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டைமிங்கைச் சரிசெய்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்து ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே அடியில் பிடித்தது. புகை இல்லை. செல்வராஜ் அண்ணாச்சி வந்து லோடு இல்லாமல் ஒரு சுற்று, லோடோடு ஒரு சுற்று போய்விட்டு வந்தார்.

“பாத்தீங்களா? கெரசின எடுத்ததும் வண்டி குதிர மாதிரி நிக்கி! எல்லாம் அந்தப் பய செஞ்ச வேல” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். “ஆமா, இனி ஓடும்” என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊரில் என் தொழிலே அந்த மஞ்சள் பொட்டில்தான் நின்றது.

புதன்கிழமை ஷெட்டில் ஒரு கிளட்ச் வேலை செய்தேன். இரண்டு நாள் கழித்துச் செய்தாலும் கேட்க ஆள் இல்லாத கிளட்ச். அதை அவ்வளவு அக்கறையாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். மத்தியானம் சாப்பிடும்போது மனைவி, நேற்று ஏன் பாதியில் எழுந்து ஓடினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“அந்த மனுசன் களவாணிப் பட்டம் கட்டிக்கிட்டு ஊர்ல கெடக்கான். நீங்க இங்கன உக்காந்து ரசம் கேக்கீங்க?”

“நாளைக்குப் போறேன்ளா. கிளட்ச் கெடக்கு.”

அவள் ரசம் ஊற்றவில்லை.

வியாழக்கிழமை காலை திருச்செந்தூர் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் பெரியதாழைக்குப் போனேன். கையில் ஒரு மக்ரூன் பொட்டலம். ஒருவன் பேரைக் கெடுத்துவிட்டு மக்ரூன் வாங்கிக்கொண்டு போகிறவனைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். மிக்கேல் கரையில், மற்றவர்களிடமிருந்து தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். ஒரே வாரத்தில் முகம் வற்றிப்போயிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து தம்பியோடு கடலுக்குப் போனதாகச் சொன்னான். வேறு வண்டியில் யாரும் ஏற்றவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, பெயின்ட்டை, போல்ட்டை, ஒன்று விடாமல் சொன்னேன். “தப்பு என் பேர்லதான் மிக்கேலு, நீ களவாங்கல” என்று முடித்தேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அழுகைகூட வந்தது.

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை.

“இத எதுக்கு அண்ணாச்சி எங்கிட்ட வந்து சொல்லுதீங்க? நான் களவாங்கலன்னு எனக்குத் தெரியும்லா? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றான்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மக்ரூனைப் பக்கத்து சீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

நாலு மணிக்கு உப்பு குடோன் ஸ்டாண்டில் முதலாளிமார் எல்லாம் கூடியிருந்தார்கள். செல்வராஜ் அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டு முதலில் அவரிடம் சொன்னேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“விடுங்க அண்ணாச்சி. சொன்னா ஒங்க பேரும் கெடும், வெரட்டுன எம்பேரும் கெடும். நான் நைசா போன் போட்டு அவன வரச் சொல்லுதேன். பழச மறந்துட்டேன்னு சொல்லிருதேன்.”

அவன் செய்யாத தப்பை இவர் மன்னிக்கப் போகிறார். எனக்கு அந்த யோசனை பிடித்தது என்பதை மறைக்கமாட்டேன். இரண்டு பேருக்கும் நல்லது, மிக்கேலுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் களவாணிப் பேர் அப்படியே இருக்கும். டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, சத்தமாகச் சொன்னேன். மிக்கேல் கலக்கவில்லை, வாடை என் கையில் இருந்தது, போல்ட்டை இறுக்காமல் பெயின்ட் வைத்தவன் நான். இதற்குமேல் நீட்ட எதுவும் இல்லை.

“பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னான்” என்றார் டீக்கடைக்காரர். பிறகு ஒரு முதலாளி மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, என் வண்டில நீங்க வச்ச மஞ்சப் பொட்டு?”

நாலு பேர் டீயை வைத்துவிட்டு ஸ்பானரைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லா போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அதில் மூன்று பேர் பிறகு என் ஷெட்டுப் பக்கம் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நான்காவது ஆள் திரும்பி வந்து, “மிக்கேல் நம்பர் யாருட்டலே இருக்கு?” என்று கேட்டார். அடுத்த நாளே அவர் வண்டியில் மிக்கேல் ஏறிவிட்டான். செல்வராஜ் அண்ணாச்சியும் போன் போட்டார். மிக்கேல் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் புது முதலாளியின் வண்டியை மிக்கேலே என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான், பிரேக் வேலைக்கு. வேறு ஷெட்டுக்குப் போயிருக்கலாம். என்னிடம் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். அவன் சிரித்தான். வேலை முடிந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கதவைச் சாத்தாமல் கேட்டான்.

“அண்ணாச்சி, அந்த போல்ட்ட என்னைக்குப் பாத்தீங்க?”

“செவ்வாக்கெழம.”

“ஊருக்கு வந்தது வியாழக்கெழம.”

“ஆமா.”

அவன் கோபமாகப் பேசவில்லை. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

“புதங்கெழமதான் எனக்காக வள்ளத்தப் பாதில திருப்புனாங்க. நிக்காம வாந்தி. நாலு பேரு வெறுங்கையோட வீட்டுக்குப் போனாங்க. தம்பி எம்மூஞ்சியப் பாக்காமலே, ‘நாளைலருந்து நீ வரண்டாம்ணே’ன்னான்.”

கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்களும் ஒருநாள் ஒரு போல்ட்டை இறுக்காமல் விடுவீர்கள். ஒரு நல்ல ஆளைத் தப்பாகச் சொல்லுவீர்கள். முப்பது வருடம் வேலை செய்தால் இரண்டும் நடக்கும், அதற்காக நான் இப்போது தலைகுனிவதில்லை. அந்தப் புதன்கிழமைக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தால் செவ்வாய்க்கிழமையே போய்ச் சொல்லிவிடுங்கள்.